உருண்டைத் தொட்டியின் நிழல்

பதினாறு வருஷமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு கோளத்தைக்கூட நான் வெயிலில் வைத்துப் பார்த்ததில்லை என்பது ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்கே தெரியவந்தது. தனியாக இருக்கும்போது தெரிந்திருந்தால் யாரிடமும் சொல்லாமல் விட்டிருப்பேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில், என் கணவர், அக்கம்பக்கத்துக்காரர்கள், ஒரு வாஸ்து நிபுணர், ஒரு மேஸ்திரி எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரிந்தது.

நாங்கள் புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறோம். வீடுகள் எல்லாம் ஒல்லியாக, நீளமாக, ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கும். எங்களுக்கு வடக்கே உரக்கடை அண்ணன் வீடு. வில்லியனூர்ப் பக்கம் கிராமத்தில் நிலம், டவுனில் உரக்கடை என்று இரண்டு கால்களில் நிற்பவர். பயிருக்கு என்ன நோவு என்று சொல்லி முடிப்பதற்குள் மருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். அவருக்கும் வடக்கே சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். ஐப்பசியிலிருந்து சித்திரை வரை இங்கே இருப்பார். வெயில் உச்சத்துக்கு ஏறும்போது மனைவியோடு பிரான்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் ராணுவத்தை விட்டு வெகுகாலம் ஆகியும் ராணுவம் அவரை விடவில்லை. குப்பை வண்டி ஏழு மணிக்கு என்று ஒருமுறை யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் ஏழுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வாளியோடு வாசலில் நிற்பார். வண்டி ஒன்பதுக்கு வரும்.

சொல்தா தன் மாடியின் தெற்கு ஓரத்தில் வரிசையாகச் சோலார் தகடுகள் போட்டிருந்தார். அவற்றை 'பனோ' என்பார். தினமும் துணியால் துடைப்பார். அந்தச் சமயத்தில்தான் உரக்கடை அண்ணன் தன் வீட்டின்மேல், சொல்தா வீட்டு உயரத்துக்கு, இன்னொரு தளம் எழுப்பினார். தவளக்குப்பத்திலிருந்து வந்த வாஸ்து நிபுணர், கன்னி மூலையான தென்மேற்கில் தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டும், அது தெருவிலேயே உயரமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தெருவிலேயே என்ற வார்த்தைதான் அண்ணனுக்கு மிகவும் பிடித்தது என்பது என் சந்தேகம்.

இதைக் கேள்விப்பட்ட சொல்தா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மதாம், நீங்க ஜியோமெத்ரி எடுக்குறீங்க. அந்தத் தொட்டியோட நெழலு என் பனோ மேல விழுமா, விழாதா? எனக்கு ஒரே பதில் வேணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன அரை மணி நேரத்தில் அண்ணன் வந்தார்.

"டீச்சர், சதுரமா கட்னா நெழலு ஜாஸ்தியாம். உருண்டையா கட்னா கம்மியாமே. அப்டியா?"

"யாருண்ணே சொன்னா?"

"மேஸ்திரிதான்."

மறுநாள் மேஸ்திரியைக் கேட்டேன். ஓனர்தான் சொன்னார் என்றார்.

இதற்கு முடிவு கட்டுவது என் கடமை என்று எனக்குத் தோன்றிவிட்டது. தெருவில் கொத்தமல்லிக் கட்டு விலை முதல் சொத்து வரி வரை எல்லாக் கணக்குக்கும் என்னிடம்தான் வருவார்கள். 'முப்பரிமாண வடிவங்களின் நிழல்கள்' என்ற பாடத்தை வருஷம் தவறாமல் நடத்துகிறவளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி எம்மாத்திரம்? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் எங்கள் மாடிக்கு வந்துவிடுங்கள், கண்ணாலேயே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பள்ளியில் கணித ஆய்வகம் என்று ஓர் அறை உண்டு. அதில் ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரிக்குள் மரத்தில் செய்த கனசதுரம், உருளை, கூம்பு, கோளம், பிரமிடு. மேலதிகாரிகள் வரும் நாளில் அவை வெளியே வந்து மேஜைமேல் கௌரவமாக உட்காரும். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதும் உள்ளே போய்விடும். அவற்றை எந்தப் பிள்ளையும் தொட்டதில்லை. நானும்தான். வீட்டுக்கு எடுத்துப்போகத் தலைமை ஆசிரியையிடம் அனுமதி கேட்டேன்.

"எதுக்கு?"

"வெயில்ல வெச்சுப் பாக்க மேடம்."

"வெயில்ல வெச்சா பாலிஷ் போயிடாதா?"

பாலிஷுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை மாடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்தேன். சொல்தா ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து நின்றார். அண்ணனும் அவர் மனைவியும் ஒன்பதேகாலுக்கு வந்தார்கள். வாஸ்து நிபுணர் நெற்றி நிறையக் குங்குமத்தோடும் கையில் திசைகாட்டியோடும் வந்தார். மேஸ்திரி சுவரோரமாகக் குந்திக்கொண்டார். என் கணவர் எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு மாடிப்படிக் கதவருகே நின்றார். எனக்கு ஏதாவது ஆகப்போகிறது என்றால் அவர் எப்போதும் கதவருகேதான் நிற்பார்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க" என்று வகுப்புக் குரலில் ஆரம்பித்தேன். "கோளத்த எந்தப் பக்கம் எப்படி வெச்சாலும் அதோட நிழல் வட்டம்தான்."

சொல்லிவிட்டுக் கோளத்தை ஒரு டம்ளரின் வாய்மேல் உட்கார வைத்தேன்.

விரிப்பில் விழுந்தது வட்டம் இல்லை. கையில் அழுத்திப் பிடித்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று, மேற்கே நீண்டு கிடந்தது.

சொல்தா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"மதாம், இது வட்டமா?"

நான் கோளத்தைச் சற்றுத் திருப்பி வைத்தேன். ஒரு கோளத்தைத் திருப்பி வைத்தால் மாற்றம் வரும் என்று நம்பிய கணக்கு டீச்சர் இந்தப் பிரதேசத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கதவருகிலிருந்து என் கணவரின் இருமல் கேட்டது.

எங்கள் பாடப்புத்தகத்துப் படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நேர் மேலே ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும். அதன் கீழே கோளத்துக்கு வட்டம், உருளைக்கு வட்டம், கனசதுரத்துக்குச் சதுரம் என்று போட்டிருக்கும். பதினாறு வருஷமாக நான் அந்தப் பல்பின் கீழேயே குடியிருந்திருக்கிறேன். ஒன்பது மணிச் சூரியனுக்கு அந்தப் புத்தகம் தெரியாது. உருளையின் நிழல், படுக்க வைத்த டிபன் கேரியர் மாதிரி இருந்தது. கூம்பு ஒரு முக்கோணத்தை நீட்டியது. கனசதுரத்தை நேராக வைத்தால் ஒரு மாதிரி, கோணலாக வைத்தால் வேறு மாதிரி. எத்தனை மூலை என்று அண்ணன் மனைவி ஐந்து எண்ணினார், மேஸ்திரி ஆறு எண்ணினார்.

"அப்ப எதுக்குத்தான் டீச்சர் நெழலு கம்மி?" என்றார் அண்ணன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதை மறைக்க, "அவசரப்படாதீங்க, வெயில் ஏறட்டும்" என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன ஒரே சரியான வாக்கியம் அதுதான்.

வெயில் ஏறும்வரை வாஸ்து நிபுணர் மேடையை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மரப் பொம்மையாகக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். "கூம்பு அக்கினி. தண்ணிக்கு மேல அக்கினிய வெக்கக்கூடாது. இந்தச் சதுரப் பெட்டி பூமி. பூமிய தூக்கி மாடியில வெச்சா கீழ எதுவும் நிக்காது."

"உருண்டை?" என்று அண்ணன் மனைவி ஆசையாகக் கேட்டார்.

"உருண்டை ஆகாசம்மா. தண்ணி எங்கருந்து வருது? ஆகாசத்துலருந்து."

"எங்க வீட்டுக்குக் கொழாயிலருந்துதான் வருது" என்றார் மேஸ்திரி. யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

பேச்சு நீண்டுகொண்டே போனது. அதற்குள் இரண்டாவது காபி, பிறகு மோர். விரிப்பின்மேல் நடந்ததை நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல்கள் மெல்ல மெல்லக் கையைச் சுருக்கிக்கொண்டு தத்தம் பொருளுக்குள் திரும்பின. பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும். கனசதுரத்துக்கு நிழலே இல்லை. உருளைக்கும் இல்லை. கூம்பு ஏதோ குற்றமற்றவர் மாதிரி நின்றது. டம்ளர்மேல் இருந்த கோளத்துக்குக் கீழே மட்டும் ஒரு நிழல். காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி, அப்பட்டமான வட்டம்.

"பாத்தீங்களா! வட்டம்!" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"அய்யோ, நெழலே இல்ல டீச்சர்!" என்று அண்ணனும் கத்தினார்.

சித்திரை முதல் வாரம் முடியும்போது எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வந்துபோகும். அந்த நேரத்துக்கு எதற்குமே நிழல் வெளியே நீளாது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. புத்தகத்துப் பல்பே வானத்தில் வந்து எரிவதாகத்தான் தோன்றியது. போன மானம் திரும்பி வந்த வேகத்தில் தீர்ப்பையும் சொல்லிவிட்டேன்.

"காலைல நிழல் மேற்கே போகுது. மத்தியானம் காலடியிலேயே நிக்குது. சாயங்காலம் கிழக்கே போகும். வடக்குப் பக்கம் எட்டியே பாக்காது. தாராளமா கட்டுங்கண்ணே."

சொல்தா இன்னொரு முறை குனிந்து வட்டத்தைப் பார்த்தார். பிறகு விறைப்பாக நிமிர்ந்து, "தக்கோர்" என்றார். சம்மதம் என்று அர்த்தம். அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொறுப்பானவர் அறிக்கை கொடுத்த பிறகு கேள்வி கேட்பது அவர் பழக்கத்தில் இல்லை. இரண்டு வாரத்தில் மனைவியோடு பிரான்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

தொட்டி எழும்பியது. உள்ளே வழக்கமான கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிதான். அதைச் சுற்றிக் கம்பி வலையைக் கட்டி, சிமெண்ட் பூசி, நான்கு தூண்களின்மேல் பெரிய உருண்டையாக்கிவிட்டார் மேஸ்திரி. சும்மா உருண்டையாக இருந்தால் நன்றாக இல்லை என்று அண்ணன் மனைவி அதில் உலகப் படம் வரையச் சொன்னார். பெயிண்டருக்கு இந்தியா நன்றாகத் தெரியும். அதைத் தெருவைப் பார்த்து, ஆப்பிரிக்காவைவிடப் பெரிதாகப் போட்டார். புதுச்சேரிக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். அது இலங்கை அளவுக்கு இருந்தது. மற்ற நாடுகளை மிச்சமிருந்த இடத்தில் பங்கு போட்டுக் கொடுத்தார்.

"யாரு ஐடியான்னு கேக்குறாங்க டீச்சர்" என்றார் அண்ணன் பெருமையோடு. "உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன். உருண்டைதான் நெழலு விழாத ஐட்டம்னு டீச்சரே டெஸ்ட் பண்ணிக் குடுத்தாங்கன்னு."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்திருக்க வேண்டும். ஆனால் தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு என் வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அது நன்றாகத்தான் இருந்தது.

சொல்தா ஐப்பசியில் திரும்பி வந்தார். முதல் வேலையாக மாடிக்குப் போய் உருண்டையைப் பார்த்தவர், பிரான்ஸ் எங்கே என்று கேட்டார். அது எங்கள் வீட்டுப் பக்கம் இருந்தது. அவர் பக்கம் முழுக்கப் பசிபிக் கடல். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். மழைக்காலம் என்பதால் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. கார்த்திகை முடிந்து வானம் வெளுத்தது. மார்கழியில் ஒருநாள், பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை, மத்தியானம் ஒரு மணிக்கு வாசலில் வந்து நின்றார்.

"மதாம், மேல வாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பசிபிக் கடலின் நிழல் தகடுகளின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் முழுக்க மணிக்கொரு தடவை அவர் நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணி எழுதியிருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று என்று சாயங்காலம் வரை. நீள்வட்டம் நீள்வட்டமாக ஒரு வரிசை, மாடியின் மேற்கு மூலையில் தொடங்கிக் கிழக்கு மூலைவரை நடந்து போயிருந்தது. பாதிக்கு மேல் தகடுகளை மிதித்துக்கொண்டுதான் போயிருந்தது.

"வடக்குப் பக்கம் எட்டிப் பாக்காதுன்னு சொன்னீங்க. இது வந்து குடும்பமே நடத்துது."

தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று வருஷா வருஷம் பொங்கல் பானை முன்னால் நின்று சொல்கிறவள் நான். திரும்ப வேண்டுமென்றால் அதற்கு முன்னால் தெற்கே போயிருக்க வேண்டும், தெற்கே போனால் நிழல் வடக்கேதான் விழும் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கிறேனா? பொங்கல் வேறு, எட்டாம் வகுப்புக் கணக்கு வேறு என்று இருந்துவிட்டேன். இதில் இன்னொரு கொடுமை, அவர் பிரான்ஸில் இருந்த ஆறு மாதமும் தகடுகள்மேல் ஒரு நிழலும் விழவில்லை. ஆளில்லாத வீட்டுக்குக் குறைவில்லாமல் மின்சாரம் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை ரசித்துச் சொல்ல முடியாது. சொல்தா அண்ணனைக் கேட்டார். அண்ணன், "என்ன ஏன் கேக்குறீங்க, டீச்சர் சொன்னாங்க, கட்னேன்" என்றார். கொஞ்சமாவது இடிக்க முடியுமா என்றதற்கு, "இன்னாங்க பேசுறீங்க, உலகத்த எப்டிங்க இடிக்கிறது?" என்று கேட்டார். வாஸ்து நிபுணரை வரவழைத்தார்கள். அவர் நிழலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, ஆகாச நிழல் விழும் வீட்டில் நோய் அண்டாது என்றும், இதற்காகச் சொல்தாதான் அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் கூறினார். சொல்தா ஓர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். பழக்கதோஷத்தில் பிரெஞ்சில் எழுதிவிட்டார். இதைப் படிக்கிறவர் ரிட்டயர் ஆகிப் போய்விட்டார் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று நாள் நான் மாடிக்கே போகவில்லை. துணியைக்கூட என் கணவர்தான் காயப் போட்டார். "நீ ஒண்ணும் கொலை பண்ணல. தெரியாததத் தெரியும்னு சொன்ன. அவ்ளோதான்" என்றார் அவர். ஆறுதல் சொல்வது அவருக்கு எப்போதுமே சரியாக வராது. ஆனால் நாலாம் நாள் காலையில் சாக்பீஸ் பெட்டி, அளவு டேப், ஒரு நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு சொல்தா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எனக்குத் தெரியல மிசியே. இந்தத் தடவ பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். விடுமுறை முடியும்வரை தினமும் உட்கார்ந்தோம். அவர் மணி பார்ப்பார், "மேன்த்னா!" என்று கட்டளையிடுவார். இப்போது என்று பொருள். நான் நிழலின் ஓரத்தில் கோடு போடுவேன். காலையில் முள்ளங்கி மாதிரி நீண்டு கிடப்பது, மத்தியானம் குண்டாகி, மறுபடியும் நீளும். எவ்வளவு குண்டானாலும் அந்த மாதம் அது வட்டமாகவில்லை. எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரே உருண்டை இத்தனை விதமாகப் படுக்கும் என்று தெரியாமல் எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் அடித்திருப்பேனோ என்ற நினைப்பும் இடையிடையே வந்து போனது.

நிழல் எவ்வளவு தூரம் வந்தாலும், தகடுகள் வெயில் காயும் நேரத்தில் மாடியின் வடக்கு ஓரத்தைத் தொடவில்லை. பத்தடி தள்ளியே நின்றுவிட்டது. கோடுகளையெல்லாம் நோட்டில் படமாக்கி, தகடு பொருத்தும் ஆளை வரவழைத்துக் காட்டினோம். அவர் நோட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"தகட வடக்கால நகத்தணும். அவ்ளோதான? ஒரு காலைல முடிச்சுடலாம். இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே?"

நானும் சொல்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சதுரமா, கூம்பா, உருண்டையா என்று ஒரு முழுநாள் மாநாடு நடத்திய ஏழு பேரில் ஒருவருக்குக்கூடத் தகடுகள் நகரும் என்று தோன்றவில்லை. தகடு பொருத்துகிறவர் சொன்னபடி மறுநாள் காலையிலேயே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

தகடுகள் இருந்த இடம் காலியானது. மத்தியான நேரத்தில் அங்கே நிழல் வந்து விழும்போது சொல்தாவின் மனைவி ஒரு நாற்காலியைப் போட்டுப் பின்னல் வேலையோடு உட்கார்ந்துகொள்கிறார். நிழல் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொள்வார். அண்ணன் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எப்டிக்கா இருக்கு? குளுகுளுன்னு இருக்கா?" என்று விசாரிப்பார். குளுமையும் தான் கட்டிக் கொடுத்ததுதான் என்கிற தோரணை.

பொங்கல் முடிந்து சில வாரம் கழித்து ஒருவர் கருவடிக்குப்பத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கினார். உரக்கடை அண்ணனின் மைத்துனராம். நிழல் பாக்குற டீச்சர் வீடு இதுதானே என்று கேட்டார். மாடியில் ஒரு கூரை எழுப்பப் போகிறாராம்.

"பக்கத்து வீட்டு மேல நிழல் விழுமான்னு பாக்கணுமா?" என்றேன்.

"விழணும் டீச்சர். நல்லா விழணும். அவன் வீட்டம்மா வடாம் காயப்போடுற எடமாப் பாத்து விழணும். அதுக்கு எந்த ஷேப் தோதுப்படும்னு சொல்லுங்க."

அதெல்லாம் நான் பார்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டேன். அவர் அங்கிருந்து நேராகத் தவளக்குப்பத்துக்குப் போனதாக அண்ணன் சொன்னார். வாஸ்து நிபுணரின் பையில் இப்போது திசைகாட்டியோடு ஒரு ரப்பர் பந்தும் ஒரு பிறந்தநாள் தொப்பியும் இருக்கின்றனவாம். போகிற வீட்டில் வெள்ளை விரிப்பு கேட்கிறாராம். எந்த மாதத்து நிழல் என்று கேட்கிறாரா என்பது மட்டும் தெரியவில்லை.